எதிரியின் நகரில் பாடிய குரல்: டீட்றிஷ் ஃபிஷர்-டீஸ்கவ்

1943 ஜனவரி. பேர்லினின் செலண்டோர்ஃப் நகர மண்டபத்தில் 17 வயது மாணவன் ஒருவன் ஷூபேர்ட்டின் 'குளிர்காலப் பயணம்' பாடல் தொகுதியைப் பாடிக்கொண்டிருந்தான். பிரித்தானிய விமானங்கள் குண்டுவீச வந்தன. பாடகனும் சபையோரும் நிலவறைக்குள் இறங்கினர். தாக்குதல் ஓய்ந்ததும் மேலே வந்து கச்சேரியைத் தொடர்ந்தனர்.

அந்த மாணவன்தான் டீட்றிஷ் ஃபிஷர்-டீஸ்கவ். 1925 மே 28 அன்று பேர்லினில் பிறந்தவர். உயர்ந்த 'ரெனர்' குரலுக்கும் தாழ்ந்த 'பாஸ்' குரலுக்கும் இடைப்பட்ட ஆண்குரலான 'பரிட்டோன்' அவருடையது.

அதே ஆண்டில் அவர் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டார். குண்டுவீச்சில் வீடு அழிந்தது. மாற்றுத்திறனாளியான சகோதரர் மார்ட்டினை நாஜி ஆட்சி காப்பகமொன்றுக்கு அனுப்பிப் பட்டினியால் சாகவிட்டது. 1945இல் இத்தாலியில் அமெரிக்கப் படைகளிடம் பிடிபட்ட அவர், இரண்டு ஆண்டுகள் போர்க்கைதியாக இருந்தார். முகாம்களில் சக கைதிகளுக்காகப் பாடினார்.

1947இல் நாடு திரும்பினார். நோயுற்ற பாடகர் ஒருவருக்குப் பதிலாக, ஒத்திகையின்றி பிராம்ஸின் 'ஜேர்மன் இரங்கல் இசை'யைப் பாடியதில் அவரது தொழில்வாழ்க்கை தொடங்கியது. 1948இல் பேர்லின் நகர ஒப்பராவில், வேர்டியின் 'டொன் கார்லோஸ்' ஒப்பராவின் போசா பாத்திரத்தில் மேடையேறினார். பியானோக் கலைஞர் ஜெரால்ட் மூருடன் இணைந்து ஷூபேர்ட்டின் 400க்கும் மேற்பட்ட பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். 1978இல் மியூனிக்கில் அரங்கேறிய ரைமனின் 'லியர்' ஒப்பராவில் லியர் மன்னனாகப் பாடினார்.

ஆனால், போரைக் கண்டவர்கள் அவரை நினைவுகொள்ள வேறொரு நாள் உண்டு. 1940 நவம்பரில் ஜேர்மன் விமானங்கள் இங்கிலாந்தின் கொவென்றி நகரையும் அதன் பேராலயத்தையும் தகர்த்தன. புதிய ஆலயத்தின் திறப்பை ஒட்டி, 1962 மே 30 அன்று பெஞ்சமின் பிரிட்டனின் 'போர் இரங்கல் இசை' அங்கே முதன்முறையாக ஒலித்தது. ஆங்கிலேயர், ஜேர்மனியர், ரஷ்யர் என மூவர் சேர்ந்து பாடவேண்டும் என்பது பிரிட்டனின் விருப்பம். ரஷ்யப் பாடகி கலினா விஷ்னெவ்ஸ்கயாவுக்குச் சோவியத் அரசு அனுமதி மறுத்ததால், அவரது இடத்தில் ஹெதர் ஹார்ப்பர் பாடினார்.

முதலாம் உலகப் போர் முடிய ஒரு வாரம் இருக்கையில் கொல்லப்பட்ட கவிஞர் வில்பிரட் ஓவனின் வரிகள் அந்த இசையில் உள்ளன. இறுதியில், இறந்த இரு படையினர் சந்திக்கின்றனர். கொன்றவனாக ஆங்கிலேயரான பீற்றர் பியர்ஸ் பாடினார். கொல்லப்பட்டவனாகப் பாடியவர் ஃபிஷர்-டீஸ்கவ்.

1992 இறுதியில் பாடுவதை நிறுத்திய அவர், 2012 மே 18 அன்று காலமானார். கொவென்றியில் குண்டு விழுந்த பழைய ஆலயத்தின் சுவர்கள் அகற்றப்படவில்லை. புதிய ஆலயத்தின் அருகே அவை இன்றும் நிற்கின்றன.