வலது காலில் கியர்

மேல்பட்டாம்பாக்கம் வீட்டுக் கொட்டகையில் அப்பாவின் பழைய புல்லட் பல வருஷம் கோணி போர்த்திக் கிடந்தது. 1955-இல் மதராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது இங்கிலாந்திலிருந்து வந்த அமைப்புதான் அதில்: கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. நியூட்ரலுக்குக் குதிகாலால் அழுத்தத் தனி லீவர். பின்னாளில் வந்த புல்லட்டுகளில் கியரும் பிரேக்கும் கால் மாறிவிட்டன.

கோணியை விலக்கிக் கியர் போட்டுப் பார்த்தேன்; விழவே இல்லை. கிளட்ச் தட்டுகள் பழைய ஆயிலில் ஒட்டிக்கொண்டிருந்தன. கிளட்சைப் பிடித்தபடியே கிக்கரை மிதித்தேன். பத்தாவது மிதியில் தட்டுகள் பிரிந்து, கிக்கர் லேசாக இறங்கியது. கேபிளை மாற்றி, கியர்பாக்ஸ் ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றினேன்.

நெல்லிக்குப்பம் ரோட்டில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் போகையில், பழக்கதோஷத்தில் இடது கால் கியரைத் தேடி பிரேக்கை மிதித்தது. அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.