அந்நிய மாணவர் உத்தியோக அனுமதி (அமெரிக்கா)

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பயிலும் பிற தேசத்து மாணவர் படிப்புக் காலத்தில் எந்த வேலையை, வாரத்தில் எத்தனை மணி நேரம், யாருடைய சம்மதத்தின் பேரில் செய்யலாம் என்பதை வரையறுக்கும் விதிகள், 1952ஆம் ஆண்டின் குடிவரவு, பிரஜாவுரிமைச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டவை. அச்சட்டத்தில் மாணவருக்கென்று ஒதுக்கப்பட்ட பிரிவின் எழுத்தைக் கொண்டே எஃப்-1 விசா என்ற பெயர் வழங்கலாயிற்று. சொந்த தேசத்தில் உள்ள வாசஸ்தலத்தை விட்டுவிடும் எண்ணமின்றி, படிப்பு ஒன்றையே நோக்கமாகக் கொண்டு வருபவர் என்று சட்டம் அம்மாணவரை வர்ணிப்பதால், உத்தியோகம் அவருக்கு உரிமையாக அன்றி விதிவிலக்காகவே கிடைக்கிறது. ஆகவே, சம்பளம் எவ்வளவு என்று கேளாமல், இந்த வேலைக்கும் இவருடைய படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்றே விதிகள் திரும்பத் திரும்பக் கேட்கின்றன.

இவற்றுள் எளியது கல்லூரி வளாகத்து வேலை. பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமும், விடுமுறையில் முழு நேரமும் செய்யலாம். தனி அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டியதில்லை. ஆனால் வளாகம் என்ற சொல்லுக்கு விதி கூறும் பொருள் சுவையானது. மாணவர்களுக்குச் சோறு போடும் உணவுக்கூடத்தையோ புத்தகக் கடையையோ வெளியார் கம்பெனி ஒன்று நடத்தினாலும் அங்கே வேலை பார்க்கலாம். அதே வளாகத்தில், அதே சர்வகலாசாலைக்காகக் கட்டடம் எழுப்பும் ஒப்பந்தக்காரரிடம் செங்கல் சுமக்கக் கூடாது, ஏனெனில் அவர் மாணவர்களுக்கு நேரடிச் சேவை எதுவும் செய்யவில்லை. நூலகத்தில் 12 மணி நேரமும் உணவுக்கூடத்தில் 8 மணி நேரமுமாக உழைக்கும் மாணவர், வரம்பின் விளிம்பில் நிற்கிறார். உணவுக்கூடத்தில் யாரோ வராத ஒரு மாலையில் உபகாரமாக இன்னும் ஒரு மணி நேரம் நின்று சம்பளப் பட்டியலில் அதைப் பதிந்துவிட்டால், அந்த வாரத்துக்கு அவர் விதியை மீறியவரே. இரண்டு இடத்து மேற்பார்வையாளருக்கும் ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாதாகையால், கணக்கு வைத்துக்கொள்ளும் பொறுப்பு மாணவர் தலையிலேயே விழுகிறது.

வளாகத்துக்கு வெளியே வேலை தேடுவோருக்கு முதல் வாயில் கடும் பொருளாதார நெருக்கடி. ஒரு முழுக் கல்வியாண்டைத் தேர்ச்சியுடன் கடந்தவர், தம் கைக்கு அப்பாற்பட்ட காரணத்தால் எதிர்பாராத கஷ்டம் நேர்ந்ததென்று அத்தாட்சிகளுடன் விண்ணப்பித்தால் குடிவரவுத் துறை பரிசீலிக்கும். ஆதரித்துவந்தவருடைய வருமானம் முறிதல், மருத்துவச் செலவு, கல்விக் கட்டணத்தின் அபரிமித உயர்வு ஆகியவற்றோடு, தாய்நாட்டு நாணயத்தின் மதிப்பு சரிதலும் காரணமாக விதியிலேயே குறிக்கப்பட்டுள்ளது. தேசம் முழுவதையும் தாக்கும் விபத்து நேரும்போது தனித்தனி விசாரணை போதாதென்று கண்டு, அரசாங்கம் விதிகளையே தற்காலிகமாகத் தளர்த்துவதும் உண்டு. 1998இல், ஆசிய நாணய நெருக்கடியை முன்னிட்டு இந்தோனேசியா, தென் கொரியா, மலேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆகிய ஐந்து நாட்டு மாணவர்களுக்கு இவ்விதம் தளர்வு அளிக்கப்பட்டது.

அடுத்த வாயில் பாடத்திட்டத்தின் அங்கமான நடைமுறைப் பயிற்சி. மாணவர் பேச்சில் சிபிடி. இதற்கு அனுமதி தருபவர் சர்வகலாசாலையின் அந்நிய மாணவர் அலுவலகத்து அதிகாரியே. ஐ-20 என்னும் தாளில் வேலை தரும் ஸ்தாபனத்தின் பெயரும், தொடங்கும் நாளும் முடியும் நாளும் ஏறிய பின்னரே வேலைக்குப் போகலாம். தொடங்கும் நாளுக்கு முந்தைய தினம் போய் உட்கார்ந்தாலும் குற்றமே. பொதுவாக ஒரு கல்வியாண்டு கழிந்த பிறகே இது கிடைக்கும். உடனடிப் பயிற்சியைப் பாடத்திட்டமே கட்டாயமாக்கும் மேற்பட்டப் படிப்புகள் இதற்கு விலக்கு. முழு நேரமாக ஓராண்டு சிபிடி செய்துவிட்டால், அந்தப் பட்டத்துக்குரிய விருப்பப் பயிற்சியாகிய ஓபிடி பறிபோகும். ஆகையால் 364 நாளோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் மாணவரிடையே பிரசித்தம்.

ஓபிடி என்பது ஒவ்வொரு பட்ட நிலைக்கும் 12 மாதம். பெரும்பாலோர் பட்டம் பெற்ற பிறகே இதை எடுத்தாலும், படிக்கும்போதே எடுக்கத் தடையில்லை. பாதி நேர வேலையாகச் செய்த காலம் பாதியாகவே கழிக்கப்படும். இதற்குக் கல்லூரிச் சம்மதம் மட்டும் போதாது. புகைப்படம் பதித்த அரசாங்க அட்டை கைக்கு வர வேண்டும். விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் பயின்றவர்க்குப் பட்டத்துக்குப் பின் கிடைக்கும் நீட்டிப்பு, 2008இல் 17 மாதமாகத் தொடங்கி 2016இல் 24 மாதமாயிற்று. அமெரிக்காவில் பொறியியல் மேற்படிப்பை நாடும் நம்மவர் பலருக்கு ஆரம்ப முதல் இதன் மேலேயே கண் இருப்பதில் ஆச்சரியமில்லை.

மாணவருடன் எஃப்-2 விசாவில் வந்த மனைவிக்கோ கணவருக்கோ இவ்வனுமதிகளில் எதுவும் இல்லை. எவ்வளவு படித்தவராயினும் ஒரு மணி நேர உத்தியோகமும் பார்க்க முடியாது.

விதிமீறலின் பலன் கடுமையானது. தம் சக்திக்கு மீறிய காரணத்தால் பாடச் சுமை குறைந்து மாணவ அந்தஸ்தை இழந்தவர், பொதுவாக ஐந்து மாதத்துக்குள் விண்ணப்பித்து அதை மீட்டுக்கொள்ள வழியிருக்கிறது. ஆனால் அனுமதியின்றி வேலை செய்தவருக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. மீட்புக்கான நிபந்தனைகளுள் அப்படிப்பட்ட வேலை எதுவும் செய்திருக்கக் கூடாது என்பதும் ஒன்று.