சிறு காமிராவின் ரேஞ்ச்ஃபைண்டரும் லென்ஸும்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

பழைய சிறு காமிராக்களில் பிரியமுள்ளவர்கள் லென்ஸின் கூர்மையைப் பற்றி மணிக்கணக்காக வாதாடுவார்களேயன்றி, அந்த லென்ஸுக்குத் தொலைவைச் சொல்லிக்கொடுத்த ரேஞ்ச்ஃபைண்டரை அதிகமாக நினைப்பதில்லை. எனினும் இவ்விரண்டும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தியே வளர்ந்தன என்பது இக்கருவிகளின் சரித்திரத்தைத் தொடர்ந்து நோக்குவார்க்குப் புலனாகும்.

காமிராவின் முகப்பில் இடைவெளி விட்டு அமைந்த இரு ஜன்னல்கள் ஒரே பொருளின் இரு பிம்பங்களைக் கண்ணுக்குத் தருகின்றன. லென்ஸைத் திருப்பத் திருப்ப அவற்றுள் ஒன்று நகர்ந்து மற்றொன்றின் மீது பொருந்தும் கணத்தில் குவியமும் சரியாகிவிடுகிறது. ஜன்னல்களுக்கிடையே உள்ள தூரம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்குக் கணிப்பும் நுட்பமாகும். 1925-ல் லைப்ஸிக் சந்தையில் மக்கள் பார்வைக்கு வந்த லைக்காவில் ஆஸ்கர் பர்னாக்கின் யந்திரத் திறமையும் மாக்ஸ் பெரெக் வகுத்த லென்ஸும் இருந்தன. லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் 1932-ல் இரண்டாம் லைக்காவில்தான் வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் ட்ரெஸ்டன் நகரத்து ஸைஸ் ஐகான் நிறுவனம் வெளியிட்ட காண்டாக்ஸில் ஜன்னல்கள் சுமார் 10 சென்டிமீட்டர் விலகி நின்றன. லுட்விக் பெர்ட்டெலேயின் எஃப் 1.5 ஸோனார் போன்ற அகன்ற துவாரமுள்ள லென்ஸை நம்பிக்கையோடு கையாள அத்தகைய விசாலம் பெரிதும் உதவிற்று.

ஜப்பானியர் இக்கருவியைச் சாமானியக் குடும்பத்துக்கு உரியதாக்க முனைந்தபோது சிக்கல் எழுந்தது. 1961-ல் வந்த கேனனெட், லென்ஸைச் சுற்றிப் பதித்த செலினிய மின்கலத்தால் வெளிச்சத்தை அளந்து தானே துவாரத்தை அமைத்துக்கொண்டது. ஆனால் உருவத்தில் அது பெரியதே. உடல் சுருங்கச் சுருங்க ஜன்னல்கள் நெருங்கிவந்தன. லென்ஸின் துவாரமோ விளம்பரத்துக்காகவும் வெளிச்சம் குறைந்த அறைக் கொண்டாட்டங்களுக்காகவும் அகன்றே நின்றது. 1972-ன் கேனனெட் க்யூ.எல். 17 ஜி-3 என்னும் காமிராவில் 40 மில்லிமீட்டர் எஃப் 1.7 லென்ஸ், ஆறு கண்ணாடிகள். 1970-ன் ஒலிம்பஸ் 35 ஆர்.சி.யில் 42 மில்லிமீட்டர் எஃப் 2.8, ஐந்து கண்ணாடிகள். (ஒலிம்பஸார் இவ்வெண்ணிக்கையை மறைக்கவில்லை. லென்ஸின் முகப்பிலேயே சுயிக்கோ என்னும் பெயருக்கு முன் ஆங்கில எழுத்தொன்றைப் பொறித்தார்கள். ஐந்தாம் எழுத்தென்றால் ஐந்து கண்ணாடிகள்.) முன்னது பின்னதைக் காட்டிலும் இரண்டரை மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும் என்பது மெய்யே. ஆயினும் அருகிலுள்ள முகத்தை முழுத் துவாரத்தில் படமெடுக்கும்போது, தெளிவின் ஆழம் மிகக் குறைந்திருக்கும் அவ்விடத்தில்தான் குறுகிய ரேஞ்ச்ஃபைண்டரும் தடுமாறுகிறது. குவியதூரத்தை 45-லிருந்து 40 ஆகக் குறைத்தமையால் அத்தடுமாற்றம் ஓரளவு மறைந்ததேயன்றி ஒழியவில்லை. 620 கிராம் கேனனெட்டைவிட 410 கிராம் ஆர்.சி.யே தன் கண்ணுக்கும் லென்ஸுக்கும் இசைவான கருவி என்பது என் துணிபு. கேனனெட்டின் பக்தர்கள் மன்னிப்பார்களாக.

இச்சமநிலையை இரு பக்கமும் குலைத்தது கோனிக்காவே. 1968-ல் 38 மில்லிமீட்டர் எஃப் 2.8 ஹெக்ஸனானோடு வந்த அதன் ஸி35 ஒரு நல்ல ரேஞ்ச்ஃபைண்டர் காமிரா. அதன் வழிவந்த ஸி35 இ.எஃப். 1975-ல் மின்னொளி விளக்கைத் தன் உடலுக்குள்ளேயே கொண்டு வந்தது. இருட்டில் படமெடுக்க எஃப் 1.7 வேண்டும் என்ற வாதத்தின் பலம் அன்றே குறைந்தது. 1977-ல் வந்த ஸி35 ஏ.எஃப். தானே குவியத்தை அமைத்துக்கொண்ட முதற் சிறு காமிரா. விசித்திரம் என்னவென்றால், அதனுள் இருந்த ஹனிவெல் நிறுவனத்தின் விஸிட்ரானிக் உறுப்பும் இரு ஜன்னல்களின் வழியே இரு பிம்பங்களைப் பெற்று ஒப்பிட்டது. பொருந்திவிட்டது என்று தீர்மானிக்கும் வேலை மட்டும் மனிதக் கண்ணிலிருந்து ஒளியுணர் கலங்களுக்கு மாறியது.

இவ்வளவுக்கும் பிறகு, 1979-ல், ஒலிம்பஸின் யோஷிஹிஸா மைதானி 225 கிராம் எடையில் எக்ஸ்.ஏ.யைப் படைத்தபோது அதில் ரேஞ்ச்ஃபைண்டரை வைத்தார். ஆனால் லென்ஸை 35 மில்லிமீட்டர் எஃப் 2.8 அளவோடு நிறுத்தி, முன்கண்ணாடி வெளியே நீளாமல் உள்ளேயே குவியம் அமையச் செய்தார். ஆறு கண்ணாடிகளை அத்துணைச் சிறிய கூட்டுக்குள் அடக்கியமை, ஆர்.சி.யிலும் கைகூடாத பொருத்தமாகும். மறு ஆண்டிலேயே அதன் தம்பியாக எக்ஸ்.ஏ.2 வந்தது: நான்கு கண்ணாடிகள், எஃப் 3.5, தொலைவைக் குறிக்க மூன்று சிறு சித்திரங்கள், ரேஞ்ச்ஃபைண்டர் இல்லை.