பந்தாகச் சுருளும் பிராணி



2014 உலகக் கோப்பைக் கால்பந்து நினைவிருக்கிறதா? சொந்த மண்ணில் பிரேசில் அணி ஜெர்மனியிடம் 7-1 என்று தோற்ற தொடர். அதன் சின்னமாக நீல ஓடு போட்ட 'ஃபுலேகோ' வந்தான். கால்பந்து, சூழலியல் என்ற இரு சொற்களை ஒட்டிச் செய்த பெயர் அது. அவனுக்கு மூலமான பிராணியின் வரலாறுதான் இன்றைய பாடம்.

அது மூன்று பட்டை ஆர்மடில்லோ. பிரேசில் மக்கள் 'டாட்டு-போலா' என்கிறார்கள். போலா என்றால் பந்து. 1758லேயே லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். பிரேசில் தவிர வேறெங்கும் கிடையாது. வடகிழக்கில் உள்ள காட்டிங்கா என்னும் வறண்ட முட்காடும், செராடோ புல்வெளியும்தான் வீடு.

ஆபத்து வந்தால் கால், காது எல்லாவற்றையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். தலையோடும் வாலோடும் பக்கத்தில் பக்கத்தில் பொருந்தி, பூட்டுப் போட்டதுபோல் மூடிக்கொள்ளும். நம் ஊர் அழுங்கும் சுருளும். ஆனால் இது முழு உருண்டை. பெரும்பாலான விலங்குகளின் பல் இறங்காது.

மனிதனிடம் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. வளை தோண்டி ஒளியும் பழக்கம் இதற்கில்லை. சுருண்டு கிடப்பதைக் குனிந்து எடுத்துச் சாக்கில் போட்டால் போதும். இறைச்சிக்காக அப்படியே பிடித்தார்கள். காடும் வயலாக மாறியது. ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. இழப்பை ஈடுகட்ட முடியவில்லை. இனமே அழிந்துவிட்டது என்று கருதப்பட்ட நிலையில், 1980களின் கடைசியில் மீண்டும் கண்டுபிடித்தார்கள்.

உலகக் கோப்பையின்போது பிரேசில் விஞ்ஞானிகள் சிலர் ஒரு கோரிக்கை வைத்தார்கள்: விழும் ஒவ்வொரு கோலுக்கும் 1,000 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 2,500 ஏக்கர் காட்டிங்கா காட்டைப் பாதுகாக்க வேண்டும். அந்தத் தொடரில் விழுந்தவை 171 கோல்கள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்! அந்த அளவு காடு கிடைக்கவில்லை. ஆனால் 2015இல் பெர்னம்புகோ மாநில அரசு, இந்தப் பிராணியின் பெயரிலேயே ஒரு காப்பிடம் அமைத்தது.

பொம்மையாக வீட்டுக்கு வீடு போன பிராணி, காட்டில் இன்னும் அழியும் ஆபத்துள்ள இனமாகவே இருக்கிறது. புகழ் வேறு, பாதுகாப்பு வேறு. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அழுங்கின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதையும் சுருண்ட நிலையில்தான் பிடிக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்