சென்னை–சிங்கப்பூர் வான்வழித் தொலைவு

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே வான்வழியில் சுமார் 2,900 கி.மீ. நேர் விமானம் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரும். பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணி மக்கள் சிங்கப்பூருக்குப் போக வழக்கமாக நாடும் வழி இது.

விமான நிலையத்திலிருந்து மட்டும் தூரத்தைக் கணக்கிட்டால் ஆரணிக்காரருக்குப் பயனில்லை. ஊருக்குள் ரயில் கிடையாது. களம்பூரிலுள்ள ஆரணி ரோடு நிலையமும் காட்பாடி–விழுப்புரம் தடத்தில் இருப்பதால் சென்னைக்குப் பேருந்தோ காரோதான் கைகொடுக்கும். செய்யாறு, காஞ்சிபுரம் வழியாகச் சுமார் 130 கி.மீ.; மூன்று மணி நேரம் ஒதுக்குவது நல்லது. வெளிநாட்டுப் பயணிகள் மூன்று மணி நேரம் முன்னதாக வரவேண்டும் என்பது நடைமுறை. ஆக, வானத்தில் நான்கு மணி நேரம் என்றால் தரையில் ஆறு மணி நேரம்.

டிக்கெட்டில் காணும் பயண நேரம் முழுவதும் பறக்கும் நேரமல்ல. சக்கரத்துக்கு அண்டைகொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து, சாங்கியில் மறுபடி கட்டை வைக்கும் வரையிலான நேரம் அது. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் 2,900 கி.மீ.க்கு மூன்றரை மணி நேரத்துக்குள்தான் ஆகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், மேலேறுவதும், வேகம் குறைத்து இறங்குவதும் மிச்ச நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. பாதை வங்கக் கடலைக் கடந்து, பெரிய நிக்கோபார் பக்கமாகச் சென்று, மலாக்கா நீரிணையை ஒட்டி இறங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த வட்டாரத்தில் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து பலமான காற்று வீசும். இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம் 1950களில் ஆராய்ந்து விளக்கிய கீழைத் தாரைக்காற்று அது. அந்த மாதங்களில் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது துணைக்காற்று.

விமானப் பயணம் பரவலாவதற்கு முன் சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கப்பலில் போக ஒரு வாரம் போலப் பிடித்தது. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ 1973 வரை தமிழர்களை ஏற்றிச் சென்றது. பின்வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழிப் போக்குவரத்து முடிந்துபோனது. சாங்கி நிலையம் 1981இலேயே திறக்கப்பட்டிருந்தது.

பயணிகளை அதிகம் குழப்புவது கடிகாரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. சூரியனை வைத்துப் பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் சுமார் 95 நிமிடம்தான் வித்தியாசம். தன் இருப்பிடத்துக்கு உரியதைவிட ஒரு மணி நேரம் முந்திய நேரத்தைச் சிங்கப்பூர் 1982 முதல் கடைப்பிடிப்பதால் இடைவெளி கூடிவிட்டது. இரவு 11 மணிக்குச் சென்னையில் கிளம்பினால் அங்கே இறங்கும்போது விடிகாலை 5.30. அங்கிருந்து இரவு 8 மணிக்குக் கிளம்பினால் இங்கே இரவு 9.30தான் ஆகியிருக்கும், ஆரணி வீடு சேரும்போது நள்ளிரவு தாண்டிவிடும்.

நள்ளிரவு விமானங்களுக்குத் தேதியையும் கவனிக்க வேண்டும். டிக்கெட்டில் 15ஆம் தேதி 0.30 மணி என்றிருந்தால், 14ஆம் தேதி மாலை ஆறு மணிக்கே ஆரணியை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.