பெருங்காயத்தின் பங்காளி

ஈரானின் வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் ஒரு செடியின் வேர்த்தலையைக் கத்தியால் சீவிவிட்டால் பால் கசிகிறது. சில நாள் காற்றுப் பட்டதும் அது இறுகிப் பிசினாகிவிடும். நம் சமையலறைப் பெருங்காயத்தையும் அந்தப் பக்கத்து மலைகளில் இதே போல வேரைக் கீறித்தான் எடுக்கிறார்கள். இரண்டு செடிகளும் ஃபெருலா என்ற ஒரே பேரினம்; பங்காளிகள். ஒன்று சாம்பாரைத் தேடி வந்தது. மற்றது பாரிசுக்குப் போய் சென்ட் புட்டிக்குள் உட்கார்ந்துகொண்டது.

பாரிசுக்குப் போன பங்காளியின் பெயர் கால்பனம். தமிழ் விவிலியம் படித்தவர்கள் இதை ஏற்கெனவே சந்தித்திருப்பார்கள். யாத்திராகமத்தில் மோசேக்குச் சொல்லப்படும் தூபவர்க்கங்களில் ‘அல்பான் பிசின்’ என்று வருவது இதுதான். ஆசரிப்புக் கூடாரத்துக்குப் புகை தந்த பிசின் பிற்காலத்தில் வசந்தகாலத் தோட்டமாக வேடம் கட்டியதற்குக் காரணம் அதன் மணம். உரித்த பச்சைப் பட்டாணியின் தோல், நறுக்கென்று ஒடித்த பீன்ஸ், இரண்டாகப் பிளந்த குடமிளகாய் எல்லாம் சேர்ந்தாற்போல் கசப்பும் பச்சையுமாக மூக்கில் ஏறும். குடமிளகாய்க்கு மணம் தருகிற அதே வேதிப்பொருள் கால்பனத்திலும் இருக்கிறது. ஒரு லட்சம் கோடிப் பங்கு நீரில் இரண்டே பங்கு கலந்திருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

தமிழில் இந்த மணத்துக்கு ஒரு பெயர் உண்டு, ஆனால் அது பாராட்டாக இல்லை. ‘பச்சை வாடை போகும்வரை வதக்கு’ என்றுதான் அம்மாக்கள் சொல்வார்கள். இங்கே எண்ணெயும் தீயும் வைத்து விரட்டுகிற ஒன்றை, அங்கே ஒரு பெண் தேடிப் பிடித்து, அளவுக்கு மேல் ஊற்றி, விலை வைத்து விற்றார்.

அவர் ஜெர்மேன் செலியே. 1909இல் போர்தோவில் பிறந்தவர், வேதியியல் படித்தவர். வாசனை தயாரிப்பவரை பிரெஞ்சுக்காரர்கள் ‘மூக்கு’ என்றே அழைப்பார்கள். அந்தக் காலத்து மூக்குகளில் ஏறக்குறைய எல்லாமே ஆண் மூக்குகள். செலியே அந்த வரிசையில் இடம்பிடித்ததோடு, அடக்கமாக வேலை செய்யவும் மறுத்தார். மற்றவர்கள் சிட்டிகை போடும் சரக்கை அவர் கரண்டியால் போடுவார். 1944இல் ரோபேர் பிகே நிறுவனத்துக்குச் செய்த ‘பாண்டி’யில் தோல் வாசனையை வெளிப்படையாக நிறுத்தினார். 1948இல் அதே நிறுவனத்துக்கான ‘ஃபிராகா’வில் சம்பங்கியைக் கூடை கூடையாகக் கொட்டியது போன்ற ஒரு மயக்கம். இந்த இரண்டுக்கும் நடுவே, 1947இல், தையற்கலைஞர் பியேர் பால்மேனுக்காக அவர் செய்ததுதான் ‘வான் வேர்’. பிரெஞ்சில் அதற்குப் பச்சைக் காற்று என்று பொருள். அதில் நூற்றுக்கு எட்டுப் பங்கு கால்பனம் என்று தொழிலில் இன்றும் வியப்போடு சொல்கிறார்கள்.

அந்த எட்டுப் பங்கின் துணிச்சல் புரிய 1947ஆம் ஆண்டுப் பாரிசை நினைத்துப் பார்க்க வேண்டும். போர் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் ரொட்டி ரேஷனில்தான் கிடைத்தது. நிலக்கரித் தட்டுப்பாட்டோடு ஒரு கொடுங்குளிர்காலம் அப்போதுதான் போயிருந்தது. போருக்கு முந்திய சீமாட்டிகளின் சென்ட்டுகளில் பவுடரும் கம்பளித் துணியும் சாயங்கால விருந்தும் மணக்கும். பால்மேன் தன் கடையைத் திறந்ததே 1945 அக்டோபரில்தான். புதிய கடைக்குப் பழைய சீமாட்டியின் மணம் பொருந்தாது. பூவை விட்டுவிட்டுத் தண்டையும் இலையையும் முன்னால் நிறுத்திய இந்தப் புட்டி, ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல வந்து நின்றது.

பச்சையைத் தேடியவர் செலியே ஒருவர்தானா என்றால் இல்லை. அதற்கு முந்திய ஆண்டே கார்வென் நிறுவனம் ‘மா கிரிஃப்’ என்ற சென்ட்டை விட்டது; பெட்டியிலேயே பச்சையும் வெள்ளையுமாகக் கோடுகள். மாதிரிப் புட்டிகளைக் குட்டிப் பாராசூட்டுகளில் கட்டி பாரிஸ் வானத்திலிருந்து போட்டார்கள் என்ற கதையும் அதற்கு உண்டு. அதைச் செய்தவர் ஜான் கார்ல். அவருக்கு அப்போதே மோப்பம் மங்கிவிட்டது, வெறும் ஞாபகத்தை வைத்துத்தான் கலந்தார் என்று தொழிலில் சொல்வார்கள். பீத்தோவனோடு ஒப்பிடுவதும் வழக்கம்.

‘வான் வேர்’ அணிந்தவர்களின் அபிப்பிராயங்கள் தொடக்கம் முதலே ஒரு வழிக்கு வரவில்லை. மழை விட்ட புல்வெளி என்பார் ஒருவர். பூக்கடையில் தண்டுகள் ஊறிக்கிடக்கும் வாளித்தண்ணீர் என்பார் இன்னொருவர். மருந்துக்கடை என்று முகம் சுளிப்பவரும் உண்டு. அவர்கள் எல்லோரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஏனென்றால் ஒரு சென்ட் ஒரே மணமாக நிற்பதில்லை. தெளித்ததும் எழுவது கால்பனமும் துளசி இனத்துச் செடியான பேசிலும் எலுமிச்சைக் காரமும். கசப்பு மெல்ல அடங்கும்போது ஹயசிந்த், ரோஜா, மல்லிகை முதலிய பூக்கள் வருகின்றன. சாயங்காலம் சட்டைக் கையில் மிஞ்சுவது ஓக் மரத்துப் பாசியின் ஈரமண். கடையில் காகிதப் பட்டையில் முகர்ந்து உடனே வெளியேறியவருக்கு அது கசப்பு. வீடுவரை அணிந்து போனவருக்கு அது பூந்தோட்டம். வெயில் காலத்தில் மேல்மணம் சீக்கிரம் பறந்துவிடுவதால் ஜூலையில் வாங்கியவரும் ஜனவரியில் வாங்கியவரும் கூட ஒத்துப்போக மாட்டார்கள்.

இன்னொரு சிக்கல், பூந்தோட்டம் என்கிறார்களே, அந்தத் தோட்டமே பெரும்பாலும் கற்பனை. 1882இல் ஊபிகான் நிறுவனத்தின் பால் பார்கே ‘ஃபூஜேர் ரோயால்’ செய்தபோது அதற்குப் பெரணிச் செடியின் பெயரை வைத்தார். பெரணிக்கோ சொல்லும்படியான மணமே கிடையாது. கடவுள் பெரணிக்கு மணம் கொடுத்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவர் சொன்னதாக ஒரு கதை. அவர் கையில் இருந்தது புதிதாக ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட கூமரின், காய்ந்த வைக்கோலின் இனிப்பு மணம் கொண்ட பொருள். பிரெஞ்சுக்காரர்கள் மே முதல் நாளில் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் முகே என்ற வெள்ளை மணிப்பூவின் கதை வேறு மாதிரி. அதற்கு மணம் உண்டு, ஆனால் எந்த வாலையிலும் எண்ணெய் இறங்காது. ஊமைப் பூ என்று அதற்குத் தொழிலில் பெயர். வாசனை தயாரிப்பவரான எட்மோன் ருட்னிட்ஸ்கா கிராஸ் நகரை அடுத்த கபிரீஸில் தன் தோட்டத்தில் அதை நட்டு, குனிந்து குனிந்து முகர்ந்து, முழுக்க வேறு சரக்குகளால் அதைப் புட்டிக்குள் எழுப்பினார். 1956இல் வந்த ‘டியோரிஸ்ஸிமோ’ அது. அந்தப் பூவைப் பிடித்துக் கொடுத்ததில் இன்றுவரை அதை மிஞ்சியதாக வேறொன்றைச் சொல்வது கடினம்.

சரக்கு இப்படிக் கைவேலையாக இருந்தால் கைமாறும்போது மணமும் மாறும். ‘வான் வேர்’ கசப்பு புதிய வாடிக்கையாளர்களுக்கு ஒத்துவராது என்று 1991இல் அதைத் திருத்தி எழுதும் வேலை கலிஸ் பெக்கரிடம் கொடுக்கப்பட்டது. பின்னாளில் ‘ஜாடோர்’ செய்து பெயர் வாங்கியவர் இவர்தான். கால்பனம் குறைந்தது, பழமும் பூவும் கூடின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மறுபடியும் ஒரு திருத்தம். இதற்கிடையே ஓக் பாசி தோலில் ஒவ்வாமை தருகிறது என்று அதற்கு வரம்பு கட்டினார்கள். முகே மணத்துக்குப் பல காலம் கைகொடுத்த லிலியால் என்ற பொருளை 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுப்பொருள்களில் தடை செய்துவிட்டது. ஆக, அம்மா அணிந்த சென்ட்டையும் மகள் அணிந்த சென்ட்டையும் ஒரே பெயரில் வைத்து இருவரும் சண்டை போட்டால், அது இரண்டு சென்ட்டுகளைப் பற்றிய சண்டை. அசல் செய்முறைகளைக் காப்பாற்றி வைப்பதற்கென்றே வெர்சாயில் 1990இல் ‘ஓஸ்மோதேக்’ என்ற வாசனைக் காப்பகம் தொடங்கப்பட்டதற்கு இப்படிப்பட்ட மாற்றங்கள்தான் காரணம்.

புட்டி ஒன்றே, தொகுதி ஒன்றே, நாளும் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும் தகராறு தீர்வதில்லை. மிச்சம் இருப்பது மூக்குக்குள். மனிதனுக்கு மணம் அறியும் ஏற்பிகள் சுமார் 400 வகை. 2014இல் வெளியான ஓர் ஆய்வின்படி, எந்த இருவரை எடுத்துக்கொண்டாலும் இவற்றில் 30 சதவீதத்துக்கு மேல் அவர்களுக்குள் வேறுபட்டு வேலை செய்கின்றன. பச்சைச் சென்ட்டுகளில் இது நன்றாகவே உறைக்கும். புல்லை வெட்டிய நொடியில் எழும் மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்றை இலைச் சாராயம் என்பார்கள்; ஏறக்குறைய எல்லாப் பச்சைச் சென்ட்டிலும் அது உண்டு. அதை எவ்வளவு கூர்மையாக உணர்கிறோம் என்பது ஒரு குறிப்பிட்ட ஏற்பியின் மரபணுவோடு தொடர்புடையது என்று 2012இல் காட்டினார்கள். வயலட் பூவுக்கு மணம் தரும் பீட்டா அயனோன் இன்னும் விசித்திரம். ஒருவகை மரபணு உள்ளவர்கள் அதைப் பூ என்கிறார்கள். அந்த வகை இல்லாதவர்கள் புளிப்பு என்கிறார்கள், சிலர் வினிகர் என்றே சொல்கிறார்கள். நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட முடிவு இது. பூவும் இலையும் கலந்த ஒரு சென்ட்டை அணிந்து வந்த மனைவியைப் பார்த்து ‘என்ன ஊறுகாயா?’ என்று கேட்கும் கணவனை உடனே ரசனை கெட்டவன் என்று தள்ளிவிடக் கூடாது.

செலியே ‘வான் வேர்’ செய்த அதே 1947இல், கிராஸ் நகரில் ஜான்-குளோத் எலேனா பிறந்தார். பச்சை என்றாலே கால்பனம் என்ற வழக்கத்திலிருந்து நகர்ந்தவர்களில் அவர் முக்கியமானவர். 1992இல் பல்கேரிக்காக அவர் செய்த சென்ட் பச்சைத் தேநீரைப் புட்டிக்குள் கொண்டுவந்தது. 2004இல் எர்மெஸ் நிறுவனத்தின் மூக்காகச் சேர்ந்தார். தோட்டங்களின் பெயரில் அந்த நிறுவனம் விடும் சென்ட் வரிசையில் அடுத்தது நைல் நதியைப் பற்றி இருக்கட்டும் என்று முடிவாகி, அஸ்வானுக்குப் போனார்கள். மல்லிகை, தாமரை, ஊதுவத்தி என்று எகிப்தைப் பற்றி எல்லோரும் எதிர்பார்ப்பவற்றின் நடுவே, நடைபாதையில் கைக்கெட்டும் உயரத்தில் மாங்காய்கள் தொங்குவதை அவர் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனதும் சென்ட் கிடைத்துவிட்டது.

2005இல் ‘அன் ஜார்தான் சுர் லு நில்’ வந்தது. அதில் மாங்காயிலிருந்து எடுத்த சாறு எதுவும் இல்லை. ஊமைப் பூவைப் போலவே இதுவும் வேறு சரக்குகளால் எழுப்பிய மாயம். மாங்காயை மரத்தில் பார்த்திராத ஐரோப்பியர்கள் பலர் அதில் பம்ப்ளிமாஸ் இனத்துக் கிரேப்ஃப்ரூட்டை முகர்ந்தார்கள். கேரட் என்றார்கள், தக்காளிச் செடியின் இலை என்றார்கள். காம்பு கிள்ளியதும் வடியும் சுணைப்பாலையும், கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவியதையும் மூக்கில் வைத்திருக்கும் ஒரு தமிழருக்கு, மாங்காய் சரிதான், ஆனால் அந்தக் காரம் எங்கே என்று தோன்றலாம். அதன் குறிப்புப் பட்டியலில் மாங்காய்க்கும் தாமரைக்கும் பக்கத்தில் கேலமஸ் என்று ஒரு பெயர் நிற்கும். நைல் கரை நாணல் என்று அதைப் படிப்பவர்கள் உண்டு. அது நம் வசம்பு. பிள்ளை வளர்ப்பான் என்று அதைச் சுட்டுக் குழந்தைக்கு உரசிக் கொடுக்கும் வீட்டில் வளர்ந்தவர், எர்மெஸ் நினைத்துப் பார்த்திராத ஒரு தொட்டிலை அந்தப் புட்டியில் கண்டுபிடிக்கக்கூடும்.

பிறகு எலேனா கேரளத்துக்கு வந்தார், மழைக்காலம் முடிந்த சமயம் பார்த்து. 2008இல் ‘அன் ஜார்தான் அப்ரே லா மூசோன்’, மழைக்குப் பின் ஒரு தோட்டம், கடைக்கு வந்தது. இஞ்சி, ஏலக்காய், மிளகு, கொத்தமல்லி, அப்புறம் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தமிழ் தந்த சொல்லான வெட்டிவேர். பட்டியலைப் படித்தவர்கள் ரசம் கொதிக்கும் அடுப்படியை எதிர்பார்த்தார்கள். மூடியைத் திறந்து மணிக்கட்டில் தெளித்துக்கொண்டவர்களில் நிறையப் பேர் முலாம்பழம் என்றார்கள். வெள்ளரிக்காய் என்று சொன்னவர்களும் குறைவில்லை.