முகத்தில் ஊசி போட யாருக்கு அனுமதி?

தீபாவளியும் கல்யாண மாதங்களும் நெருங்கினால் ‘போடோக்ஸ்’, ‘ஃபில்லர்’ சலுகை விலை விளம்பரங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வரத் தொடங்கிவிடும். புருவம் திருத்தும் அழகு நிலையத்திலேயே ஊசியும் போடுவதாகச் சொல்வார்கள். மலேசியாவில் அழகுக் கலை நிபுணருக்கு ஊசி போட அனுமதி கிடையாது. சில நாள் பயிற்சி பெற்று சுவரில் மாட்டிய சான்றிதழ், எந்த நாட்டுடையதாக இருந்தாலும், அந்த உரிமையைத் தராது. டாக்டர் பக்கத்து அறையில் இருக்கிறார் என்பதும் சமாதானம் ஆகாது.

ஊசி போடுபவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிந்து, நடப்பு ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் வைத்திருக்கும் மருத்துவராக இருக்க வேண்டும். அதோடு முடியவில்லை. சுகாதார அமைச்சின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, பொது மருத்துவர் அழகியல் சிகிச்சை செய்ய எல்.சி.பி. எனும் தனி அனுமதிக் கடிதம் பெற வேண்டும். காய்ச்சலுக்குப் போகும் குடும்ப டாக்டரிடம்கூட இதைக் கேட்கலாம்; அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

இவ்வளவு கெடுபிடி ஏன்? ஃபில்லர் தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் அடைப்பு ஏற்படும். தோல் வெளுத்து, கடுமையாக வலித்து, அந்த இடத்துச் சதையே அழுகிப் போகலாம். மூக்கு, நெற்றிப் பகுதியில் நடந்தால் கண் பார்வை பறிபோன சம்பவங்கள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. ஹையலுரானிக் அமில ஃபில்லராக இருந்தால் அதைக் கரைக்க மாற்று மருந்து உண்டு. ஆனால் அடைப்பை உடனே கண்டுபிடித்து, தாமதமின்றிச் செலுத்த வேண்டும். அழகு நிலையத்தில் “வீக்கம் தானாக வடியும்” என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போகும் நேரம் போனதுதான்.

இடத்தையும் பார்க்க வேண்டும். தனியார் கிளினிக் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருப்பது கட்டாயம். ஹோட்டல் அறையோ தோழியின் வீட்டு வரவேற்பறையோ கிளினிக் ஆகாது. பதிவின்றி நடத்தும் தனிநபருக்கு 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

போடோக்ஸ் வகை மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். எனத் தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கும். பெட்டியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லலாம்.

பாதிக்கப்பட்டவர்கள் வெட்கப்பட்டு மறைப்பதுதான் போலிகளுக்கு வசதி. முதலில் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பிறகு இரசீது, வாட்ஸ்அப் உரையாடல், மருந்துப் பெட்டியின் படம் ஆகியவற்றோடு மாநிலச் சுகாதார இலாகாவில் புகார் கொடுக்கலாம்.